கவுனுக்குள்ளே எந்த வருசம்?

இந்தா தாயி, அடுப்பை அணைச்சிட்டு வந்து இப்படி உக்காரு. வர்ற அக்டோபர்ல யார்க்டவுனுக்குப் போயி, கூடாரம் போட்டு, வேசங் கட்டிக்கிட்டு, மூணு நாளு அமெரிக்கச் சுதந்திரச் சண்டை நடந்த 1781ஆம் வருசத்துல குடியிருக்கப் போறீகளாமே? நல்லா இருங்க. இருக்கிற வருசத்துக்கே வாடகை கட்ட முடியலைன்னு வர்ஜீனியாவுல எல்லாரும் அழுகையில, இன்னொரு வருசத்துக்கும் சேத்துக் குடிபோறது சாமர்த்தியந்தான்.

மாப்பிள்ளை தெனம் ராத்திரி சட்டையை மடியில போட்டுக்கிட்டுத் தையலை எண்ணுறதை நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். மிசின் தையல் ஒண்ணு தெரிஞ்சாலும் கூட்டாளிக சிரிச்சுப்புடுவாகளாம். வேசம் சரியில்லாதவனைத் திட்ட ‘ஃபார்ப்’னு ஒரு வசவே வச்சிருக்காகளாம். சரி, இருக்கட்டும். ஒண்ணரை வயசுப் பய அந்தக் காலத்துக் கவுனுக்குள்ள எதைக் கட்டிக்கிட்டு வரப் போறான்? அதை மட்டும் ஒருத்தரும் பேசக் காணோம்.

கவுனைக் குறை சொல்ல மாட்டேன். அப்பல்லாம் ஆம்பளைப் பிள்ளைக்கும் நாலு வயசு, சிலதுக்கு ஏழு வயசு வரைக்கும் கவுனுதானாம். அவசரம்னா பின்னால தூக்கிவிட்டா முடிஞ்சது வேலை. ஒங்கப்பன் அந்த வயசுல அரைஞாண் கயித்தோட மட்டும் தெருவைச் சுத்துனான். அதுக்கு இது எவ்வளவோ மரியாதை. விழுந்தா அடிபடாம இருக்கத் தலைக்குப் பஞ்சடைச்ச வளையம் ஒண்ணு, ‘புட்டிங்’ தொப்பியாம். படத்துல பாத்தேன், நம்ம சும்மாடு! தோள்பட்டையில ரெண்டு நாடா வேற, கன்னுக்குட்டிக்குத் தும்பு கட்டுன மாதிரி.

இப்பத் துணிக்கு வருவோம். ‘டயப்பர்’ங்கிறது முதல்ல ஒரு நெசவுக்குப் பேரு, தெரியுமா? சின்னச் சின்னச் சாய்சதுரமா நெய்யிற துணி. மேசை விரிப்பும் அதுலதான், கை தொடைக்கிற துண்டும் அதுலதான். நல்லா ஈரம் இழுக்குதேன்னு பிள்ளை இடுப்புக்குப் போச்சு. கடைசியில நெசவுக்காரன் வச்ச பேரை, நனைச்சவன் தட்டிக்கிட்டுப் போயிட்டான். அந்தக் காலத்து இங்கிலீசுக்காரக அதைக் ‘கிளௌட்’னாகளாம், நாம துண்டுங்கிற மாதிரி. நீ லினன்ல சதுரமா வெட்டி ஓரம் அடிச்சு வச்சுக்க. ஒரு டஜன் பத்தாது, சொல்லிப்புட்டேன்.

பெட்டியில வச்சிருக்கியே ஊக்கு, அதை இங்கேயே வச்சிட்டுப் போ. அதை நியூயார்க்குல வால்டர் ஹண்ட்டுங்கிறவரு தன் பேருல பதிஞ்சதே 1849லதான். 400 டாலருக்கு உரிமையை வித்துட்டு வீட்டுக்குப் போனாராம் புண்ணியவான். இன்னும் 68 வருசம் கழிச்சுப் பொறக்கப் போற ஊக்கை நீ எப்படி மாட்டுவ? அதுக்கு முந்தி வெறுங் குண்டூசி, இல்லைன்னா நாடா. இந்தத் துறுதுறு பயலுக்குக் குண்டூசி ஆகாது. நாடா தச்சு முடிச்சுப் போடு.

மேல கம்பளியில ஒரு கட்டு. ‘பில்ச்’ம்பாகளாம். பிளாஸ்டிக் ஜட்டிக்கு அன்னைக்கு அதுதான். ஆட்டு மயிருல எண்ணெய்ப் பசை இருக்குல்ல, நனைஞ்சும் நனையாத மாதிரி நடிக்கும். எங்க ஊர்க் கீதாரி கம்பளியைப் போத்திக்கிட்டு மழையில கெடை காத்ததை நான் கண்ணால பாத்தவ. இன்னொண்ணு, ராத்திரி தீ மூட்டுவீக. நைலான் கியிலான் எதையும் பிள்ளைக்குப் போட்டுறாத, தீ பட்டா உருகித் தோல்ல ஒட்டிக்கும். இதை மட்டும் விளையாட்டுக்குச் சொல்லலை.

இதெல்லாம் பெரிய வேலையே இல்லை. அந்த ஈரத்துணியை அலசப் போறது யாரு? அதைச் சொல்லு முதல்ல. அன்னைக்கு ராணுவத்துக்குப் பின்னாடியே சிப்பாய்க பொண்டாட்டி பிள்ளைகளும் நடந்தாகளாம். துணி வெளுத்தது, காயம்பட்டவனைப் பாத்தது எல்லாம் அவுகதான். தளபதி வாஷிங்டனுக்கு இந்தக் கூட்டத்தைக் கண்டா எரிச்சலாம். ஆனா துரத்துனா நல்ல சிப்பாய்களும் பொண்டாட்டி பின்னாலேயே போயிருவானுகன்னு பயந்து சோறு போட்டாராம். சாம்பத் தண்ணியையும் கொழுப்பையும் காய்ச்சுன சவுக்காரம், ஒரு கொப்பரைத் தண்ணி, ஒரு பொம்பளை முதுகு. அச்சு அசல் சரித்திரம்னா அந்த முதுகுதான். வெறும் ஈரந்தானேன்னு அலசாமத் தீப்பக்கத்துல காயவச்சு மறுபடி கட்டுனவுகளும் உண்டாம். அந்தச் சரித்திரம் நமக்கு வேணாம்.

தையல் எண்ணுற கையி கொப்பரையிலயும் கொஞ்சம் நனையட்டும்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லு. ‘அந்தக் காலத்து ஆம்பளை தொவைக்க மாட்டான்’னு புத்தகத்தை விரிப்பாரு. அந்தக் காலத்துச் சிப்பாய்க்கு மாசக்கணக்கா சம்பளமே வரலையாமே, அதையும் அசலாவே வச்சுக்கலாம், பேங்குக் கார்டை இப்படிக் குடுங்கன்னு கையை நீட்டு.

ரொம்ப முடியலைன்னா, கம்பளிக்கு அடியில கடை டயப்பரையே மாட்டிவிடு. யாரு தூக்கிப் பாக்கப் போறா? ஒட்டைப் பிரிக்கையில ‘சர்ரு’ன்னு ஒரு சத்தம் வரும் பாரு, அப்ப மட்டும் பலமா இருமிக்க.

யார்க்டவுன்ல தோத்த காரன்வாலிஸ் துரை நமக்குத் தெரியாத ஆளா? அங்க தோத்துட்டு, அஞ்சே வருசத்துல கவர்னர் ஜெனரலா இங்கிட்டு வந்து எறங்குனவரு. சென்னைக் கோட்டை மியூசியத்துல கல்லா நிக்கிறாரு. சரணடையிற அன்னைக்கு ஒடம்புக்கு முடியலைன்னு தனக்குப் பதிலா வேற ஆளை அனுப்பிட்டாராம். துணி மாத்துற நேரம் வந்தா மாப்பிள்ளைக்கும் அதே நோவு வரும், பாத்துக்க. அதுக்குத்தான் சுக்கு இடிச்சு வச்சிருக்கேன். 1781லயும் சுக்கு இருந்துச்சு, எவனும் ஃபார்ப்புன்னு சொல்ல முடியாது.