மெத்துன்னு போகுதா மாப்ள?

வா மாப்ள, உக்காரு. காப்பி குடிச்சாச்சா? பிரேக்கு மெத்துன்னு போகுதுன்னு உங்கம்மா நேத்தே போன்ல சொல்லிட்டா. சொன்னதோட விட்டாளா, ‘அண்ணா, அவனுக்குப் பக்குவமா எடுத்துச் சொல்லுங்க’ன்னு வேற. பக்குவமா மிதிச்சா நிக்கற வண்டியாடா அது? அந்த பிரேக்கோட அதையே ஓட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்தியிருக்கற உன் தைரியத்துக்கு ஒரு மாலை போடோணும்.

வண்டி வாங்குன அன்னிக்கு நாலு டயருக்கடியிலயும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்குன. நல்லதுதான். அதே டயருக்கு உள்பக்கம் ஒருக்காக் குனிஞ்சு பாத்தியா? பாட்டுப்பொட்டி எத்தன வாட்டுன்னு கேட்டாத் தூக்கத்துலயும் சொல்லுவ. பிரேக் ஆயில் டப்பா எங்கடான்னு கேட்டா, பானட்ட எப்படி மாமா தொறக்கறதுன்னு என்னையவே கேப்ப.

ஆயில் ஊத்துனியாமா? கொறஞ்சிருந்துச்சு, ஊத்துன. சரி, கொறஞ்சது எங்க போச்சுன்னு ரோசன பண்ணுனியா? ஓட ஓடக் கொறையறதுக்கு அது பெட்ரோல் இல்ல சாமி. கொறஞ்சா எங்கியோ ஒழுகுது, இல்லாட்டி பேட் தேஞ்சு பிஸ்டன் முன்னால வந்து, அந்த எடத்த ஆயில் ரொப்பியிருக்குது. அதுக்கு மேல நீ ஊத்துனா, புது பேட் போடற அன்னிக்கு பிஸ்டன உள்ள தள்ளுவாங்க, ஊத்துனது பூரா டப்பாவத் தாண்டி வழியும். வழிஞ்ச எடத்துல பெயிண்ட் பொரிஞ்சு உரிஞ்சுக்கும். அதாவது கெடக்கட்டும், கைக்கு அகப்பட்ட இஞ்சின் ஆயில கியில ஊத்தலயே? முழிக்காத, பதில் சொல்லு. ஊத்தியிருந்தீன்னா உள்ள இருக்கற ரப்பர் அத்தனையும் ஊதிப் போயிரும். மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து நாலு சக்கரம் வரைக்கும் கழட்டோணும்.

போ, போயி சீட்டுல உக்காரு. சாவியத் திருகாத. நாலஞ்சு தடவ மிதி. கெட்டியாச்சா? உடனே சிரிக்காத. பூஸ்டர்ல மிச்சமிருந்த வேக்குவம் தீந்துபோச்சு, அவ்வளவுதான். இப்பக் கால எடுக்காம மிதிச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணு. கொஞ்சூண்டு எறங்கி நின்னுச்சா? பூஸ்டர் நல்லாருக்குதுன்னு அர்த்தம். இந்த எறக்கத்தப் பாத்து பயந்து, நல்ல பூஸ்டரக் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்ட புண்ணியவானுங்க இருக்காங்க.

கால எடுத்துராத, அப்படியே அமுத்தி வெச்சிரு. பெடல் நின்ன எடத்துல நிக்காம நைசா அடிக்குப் போகுதா? போச்சுன்னா ரெண்டுல ஒண்ணு. வெளிய எங்கியோ ஒழுகோணும். இல்ல, சொட்டு ஈரங்கூடக் காணாம், டப்பாலயும் கொறையல, ஆனாலும் எறங்குதுன்னா மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ரப்பர் தேஞ்சு ஆயில் பின்னால நழுவுது. உனக்கு எறங்கலயல்ல? அப்ப அந்தச் செலவு இல்ல, உங்கப்பனுக்குச் சொல்லிரு.

இப்ப விட்டு விட்டு மிதி. மொத மிதிக்குக் கீழ போயி, மூணாவது மிதிக்கு மேல வந்து கெட்டியா நின்னா, பின்னால டிரம்முல லைனிங் தள்ளிப் போயிருக்குது, அட்ஜஸ்ட் பண்ணுனாத் தீந்துச்சு. மேல வந்தும் மெத்துமெத்துன்னே இருந்தாக் காத்து. உன் கல்யாணப் பேச்சாட்டம், எங்க அமுத்துனாலும் கொஞ்சம் எறங்கிக் குடுக்கும், முடிவுக்கு மட்டும் வராது. உன்றது அந்த வகைதான்.

நாமக்கல்லுல லாரிய மேச்சவன் நானு. லாரிக்குக் காத்து இல்லீன்னா பிரேக் கெடையாது. காருக்குக் காத்து இருந்தா பிரேக் கெடையாது. ஆயில அமுக்குனாச் சுருங்காது, காத்து சுருங்கும். நீ மிதிக்கற மிதி சக்கரத்துக்குப் போகாம, அந்தக் காத்தச் சுருக்கறதுலயே தீந்து போகுது.

காத்து வெளிய இருந்துதான் வரோணும்னும் இல்ல. பிரேக் ஆயில் ஈரத்த உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதுசுல கொறஞ்சது 205 டிகிரி தாங்கும். தண்ணி கலந்த பொறவு 140க்கே கொதிக்கலாம். டாட் 4ன்னா 230, 155. கொல்லிமலையில இருந்து காரவள்ளிக்கு எறங்கறப்ப 70 கொண்டை ஊசி வளைவு. நீ டாப் கியர்லயே வந்து ஒவ்வொரு வளைவுலயும் பிரேக்கத் தேய்ச்சா, டிஸ்க்கு காஞ்சு, அந்தச் சூட்டுல ஆயில் கொதிச்சு ஆவியாகும். ஆவியும் சுருங்கற சாதிதான். அம்பதாவது வளைவுல நீ மிதிப்ப, அது உனக்கு வழி உட்டுட்டுப் போகும். செகண்ட் கியர்ல எறங்குடா, இஞ்சின் புடிக்கட்டும். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஆயில மாத்து. ஊட்டுல பாதி டப்பா மூடி தொறந்து கெடக்குதே, அத ஊத்தாத, சீல் ஒடைக்காததா வாங்கு.

திருப்பித் திருப்பி ஏர் எடுத்தும் போகலைன்னு பொலம்புன. பட்டறையில வரிசை தப்புனானோ, டப்பாவக் காய உட்டானோன்னு நானும் நெனச்சேன். அதனாலதான், நீ உங்கத்தகிட்ட காப்பி வாங்கிக் குடிக்கற நேரத்துல, வண்டிய ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன். டயர் உள்பக்கம் நாலும் காய்ஞ்சு கெடக்குது. கொறஞ்ச ஆயிலு ஏர் எடுத்த பாட்டில்லதான் போயிருக்கோணும். முன் சக்கரம் ஒடிச்சு நின்ன வாக்குல எட்டிப் பாத்தா, காலிப்பர் நிப்பிள் கீழ பாத்து நிக்குது. அக்கட்டப் போயிப் பாத்தா அதுவும் அப்படியே. போன மாசம் ரெண்டையும் கழட்டிச் சர்வீஸ் பண்ணுனான்னியே, இடத்தத வலத்துலயும் வலத்தத இடத்துலயும் மாட்டிட்டான்! காத்து மேலதான் நிக்கும். நிப்பிள் கீழ இருந்தா ஆயில்தான் வரும், காத்து சொகமா உள்ளயே குடியிருக்கும். வருசம் பூரா ஏர் எடுத்தாலும் போகாது.

முன்னாடியே சொல்றதுக்கென்னன்னு மொறைக்காத. சொல்லியிருந்தா இவ்வளவும் கேட்டிருப்பியா?

நாளைக்கு மாத்தி மாட்டிருவோம். பொறவு பின்னால இடதுல ஆரம்பிச்சு வரிசையா ஏர் எடுக்கோணும். சில வண்டிக்கு வரிசை வேற, ஏபிஎஸ் வண்டியில சிலதுக்குக் கம்ப்யூட்டர் மாட்டோணும்; உன்றது பழசு, அந்தத் தொல்லை இல்ல. நா மேல உக்காந்து மிதிச்சுப் புடிச்சுக்கறேன். ‘புடி’ன்னு சொல்லி நீ நிப்பிளக் கால் சுத்து தொற, டியூப்புல குமிழி போறதப் பாரு, மூடிட்டு ‘விடு’ன்னு சொல்லு. மூடறதுக்கு முன்னால ‘விடு’ன்னீன்னா போன காத்து திரும்பி உள்ள வந்துரும். பெடலுக்கடியில ஒரு கட்டைய வெச்சுக்குவேன்; பழைய மாஸ்டர் சிலிண்டர அடி வரைக்கும் அமுத்துனா, துருப் புடிச்ச எடத்துல ரப்பர் கிழிஞ்சுக்கும்.

சாவிய அந்த ஆணியில மாட்டு. காலையில பஸ்ஸுல வா. ஆயில் டப்பாவும் நெம்பர் 10 ரிங் ஸ்பேனரும் வாங்கியா. பழைய சட்டை ஒண்ணும் எடுத்துக்க, கீழ படுக்கப் போறது நீதான்.