ப்ரீவீல் இல்லாச் சைக்கிளும் கோரிப்பாளையமும்: ஒரு பன்முக நோக்கு

முன்னுரை

மதுரை கோரிப்பாளையம் சந்திப்பில் ப்ரீவீல் இல்லாத சைக்கிளைப் பாதுகாப்பாக ஓட்டுவது எங்ஙனம் என்னும் வினா தமிழ் ஆய்வுலகில் இதுவரை எழுப்பப்படவில்லை. அது யாருக்கும் தேவைப்படாததே காரணம் என்பாரும் உளர். தேவைப்படாமை ஆய்வுக்குத் தடையன்று. ஐயமுடையோர் எந்தக் கருத்தரங்க மலரையும் எந்தப் பக்கத்திலும் பிரித்துப் பார்த்துத் தெளிக.

ஆய்வு எல்லை

தெற்கே ஆல்பர்ட் விக்டர் பாலம், வடக்கே தமுக்கம் நோக்கி அழகர்கோவில் சாலை, கிழக்கே பனகல் சாலையும் பெரியாஸ்பத்திரியும், மேற்கே செல்லூர். நடுவே தேவர் சிலை, அருகே தர்கா. மேம்பாலத் தூண்களும் எழுந்துவிட்டதால் ‘மேலே’ என்பதையும் ஒரு திசையாகக் கொள்க. கால எல்லை: பச்சை விளக்கு எரியும் நேரம். கட்டுரை சுருக்கமாக அமைந்ததற்கு அதுவே காரணம்.

ஆய்வுப் பொருள்

சாதா சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் கால் ஓயும், சக்கரம் ஓடும், பின்னால் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்கும். அந்த ஓய்வைத் தருவது ப்ரீவீல். ஃபிக்ஸட் கியர் எனப்படும் வகையில் பின்பல் சக்கரத்தின் குடத்தோடு இறுகப் பிணைந்திருக்கும். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். பெடல் சுற்றும்வரை காலும் சுற்றியாக வேண்டும். பெடலைப் பின்னுக்கு அழுத்தினால் வேகம் தணியும். வெலோட்ரோம் பந்தயங்களில் பிரேக்கே இல்லாமல் இதை ஓட்டுகிறார்கள். அங்கே எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள் என்பது கருதத்தக்கது.

கியர் மாற்றும் கருவியை டூர் டி பிரான்ஸ் பந்தயம் 1937-இல்தான் அனுமதித்தது. இதற்கும் கோரிப்பாளையத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் அயல்நாட்டுச் சான்று ஒன்றேனும் இல்லாத கட்டுரையை நெறியாளர்கள் கையால் தொடுவதில்லை.

வகைப்பாடு

1. மிதித்தல்: ஓயாது மிதிக்க.

2. வேகத்தடை: சாதா சைக்கிளில் பெடல்களைச் சமமாக நிறுத்திக்கொண்டு ஏறி இறங்கலாம். இதில் ஒரு பெடல் கீழே வந்தே தீரும். வேகத்தடை அந்தக் கணத்தைத்தான் தேர்ந்தெடுக்கும்.

3. வேட்டி: நுனி செயினில் சிக்கியதும் காலை நிறுத்திக்கொள்ளலாம் என்பது சாதா சைக்கிள்காரரின் உரிமை. இங்கே சக்கரம் நிற்கும்வரை வேட்டி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மடித்துக் கட்டுக. செயின் கவர் போட்டாலே போதும் என்பர் சிலர். அவர் ஆய்வு மனப்பான்மை இல்லாதவர்.

4. வெல்டு: பழைய ப்ரீவீலை வெல்டு வைத்து அசையாமல் செய்துவிடலாம் என்றொரு மரபு உண்டு. ப்ரீவீல் குடத்தின் மேல் புரியில் திருகி நிற்பது; முன்னுக்கு மிதிக்க இறுகும், பின்னுக்கு அழுத்தக் கழலும். அதாவது, நிறுத்த முயலும் வேளை பார்த்துக் கழலும். முறையான ஃபிக்ஸட் குடத்தில் எதிர்ப்புரி போட்ட பூட்டு வளையம் ஒன்று இதைத் தடுக்கும். (பஞ்சர் கடை வாய்மொழி, காலை அமர்வு.)

5. சறுக்கு: காலை இறுக்கிப் பின்சக்கரத்தைத் தேய்த்து நிறுத்துவது. முன்பல் 48, பின்பல் 16 எனக் கொள்க. வகுத்தால் 3, மீதி இல்லை. பெடல் ஒருமுறை சுற்றினால் சக்கரம் சரியாக மூன்று முறை சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். எனவே காலை எப்போதும் ஒரே நிலையில் இறுக்கினால், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் டயரின் அதே ஓரிடம்தான் தேயும். பின்பல்லை 17 ஆக்கினால் தேய்மானம் 17 இடங்களுக்குப் பங்கிடப்படும். ஒரு பல்லுக்குப் பதினாறு இடம் லாபம். (டீக்கடை பெஞ்சு உரைக்கோவை, இரண்டாம் டீ, மேற்கு முனை. கிழக்கு முனையில் அமர்ந்தவர் டயர் மாற்றுவதே எளிது என்கிறார்.)

6. நிற்றல்: காலை ஊன்றாமல், முன்சக்கரத்தைச் சற்றே திருப்பி, பெடலை முன்னும் பின்னும் இம்மியளவு அசைத்து, சிக்னலில் அப்படியே நிற்பது மேலை மரபு. பக்கத்தில் நிற்கும் டவுன் பஸ்ஸின் மேல் கை ஊன்றிக்கொள்வது வட்டார மரபு. முன்னதைச் செய்தால் பஸ்ஸிலிருந்து, “என்னப்பா, காலு எட்டலையா?” என்று பரிவோடு வினவுவர்.

7. கை இயல்

இனி இவ்வாய்வின் உயிர்நாடி. கோரிப்பாளையத்தில் போக்குவரத்தை நடத்துவது விளக்கு என்று எழுதுவோர் விளக்கை மட்டும் பார்த்தவர். நடத்துவது கை.

(அ) அபயக் கை. சாலையைக் கடப்பவர் உள்ளங்கையைப் பஸ்ஸை நோக்கி உயர்த்துவது. சிற்ப நூலார் இதனை அபய முத்திரை என்பர். சிற்பத்தில் கை காட்டுபவர் நம்மைப் பார்த்து ‘அஞ்சேல்’ என்கிறார். இங்கே கை காட்டுபவர் பஸ்ஸைப் பார்ப்பதே இல்லை. ‘அஞ்சேல்’ என்பது அவர் தமக்கே சொல்லிக்கொள்வது. பெரியாஸ்பத்திரி வாசலில் இக்கை தூக்குவாளியோடு காணப்படும். தூக்குவாளி ஆயுதமா அணிகலனா என்பது தனி ஆய்வுக்குரியது.

(ஆ) ஆட்டோக் கை. ஓட்டுநரின் வலக்கை வெளியே நீண்டு, விரல்கள் மட்டும் அசைதல். வலப்பக்கம் திரும்பப்போகிறார், இடப்பக்கம் திரும்பப்போகிறார், நீ முந்திக்கொள், வெற்றிலை துப்பப்போகிறார் என நான்கு பொருள்படும். எப்பொருள் என்பதை இடம் நோக்கி உணர்க. நான்காவதைச் சட்டை நோக்கி உணர்க.

(இ) பின்னிருக்கைக் கை. பைக்கின் இண்டிகேட்டர் வலப்புறம் மினுக்க, பின்னால் அமர்ந்த அம்மாவின் கை இடப்புறம் காட்டும். ஐயமின்றிக் கையையே பின்பற்றுக. இண்டிகேட்டர் நேற்றைய திருப்பத்துக்கானது.

(ஈ) நடத்துநர் கை. பஸ்ஸின் தகரத்தில் விழும் தட்டு. விசிலாயின் ஒன்று நில், இரண்டு போ. தட்டுக்கு அவ்வரையறை இல்லை.

(உ) ஆட்டோக் கால். கை இயலில் கால் ஏன் என்று கேட்பின், புறனடையாகக் கொள்க. எரிபொருள் தீர்ந்த ஆட்டோவைப் பின்னால் வரும் ஆட்டோக்காரர் ஒற்றைக் காலை நீட்டித் தள்ளிக்கொண்டு போவார். இரண்டு வண்டி, ஒரு எஞ்சின், நடுவே ஒரு செருப்பு. அவ்விரண்டுக்கும் இடையே இடம் இருப்பதாகத் தோன்றும். இல்லை. (ஷேர் ஆட்டோ முதுகுச் சாசனம், இடது மட்கார்டுக்கு மேலே, சேறு கழுவிய பின் படித்தது, சேறு கழுவாத பாடத்துக்கு எதிரே வந்த ஆட்டோவைக் காண்க.)

சாசனம் என்றதும் ஒரு பாடபேதம். ‘பிரசவத்துக்கு இலவசம்’ என்பது ஆட்டோக்களில் பரவலாகக் காணப்படும் வாசகம். ஆய்வுக் களத்தில் கண்ட ஒரு படியில் முதற்சொல் வெயிலில் உரிந்துபோய் ‘இலவசம்’ மட்டும் எஞ்சியிருந்தது. மதுரையில் ஆட்டோக்கள் இலவசமாக ஓடிய பொற்காலம் ஒன்று இருந்தது என்று இதைக்கொண்டு ஒருவர் பின்னாளில் நிறுவக்கூடும். இதைவிட மெலிந்த சான்றுகளின் மேல் பொற்காலங்கள் நிறுவப்பட்டு, பட்டங்களும் வழங்கப்பட்டு, அவற்றைப் பெற்றவர்களே இன்று வாய்மொழித் தேர்வுக்கு வந்து நம்மிடம் சான்று கேட்கிறார்கள்.

நிற்க. கை இயலுக்கும் ப்ரீவீலுக்கும் என்ன தொடர்பு? பிரேக் காலுக்கு இடம்பெயர்ந்துவிட்டதால் ஓட்டுநரின் கைகள் ஓய்வு பெறுகின்றன. ஆகவே கோரிப்பாளையத்தில் மேற்கண்ட கைகளுக்கெல்லாம் கையாலேயே விடை சொல்ல வல்லவர் ஃபிக்ஸட் கியர் ஓட்டுநர் ஒருவரே. எதிரே அபயக் கை எழுந்தால் இவரும் ஓர் அபயக் கை எழுப்பலாம். இருவரும் ஒருவரையொருவர் ‘அஞ்சேல்’ என்றபடி நெருங்குவர். அதன்பின் நிகழ்வது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. பனகல் சாலையில் அதற்கெனத் தனித் துறைகள் உள்ளன.

முடிவுகள்

பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்சக்கரத்துக்குப் போய்விடும். பின்சக்கரம் இலேசாகிச் சறுக்கும். எனவே காலால் பின்சக்கரத்தை எவ்வளவு இறுக்கினாலும், முன்பிரேக் தரும் நிறுத்தத்தில் ஏறக்குறையப் பாதிதான் கிடைக்கும். பிரிட்டனின் 1983-ஆம் ஆண்டு விதிகளும் இவ்வகைச் சைக்கிளுக்கு முன்சக்கரத்தில் ஒரு பிரேக் வேண்டும் என்கின்றன.

கட்டுரை முழுவதையும் சைக்கிள் கடைக்காரர் ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். ஸ்போக்ஸ் முறுக்கிக்கொண்டே கேட்டவர், “முன்னாடி ஒரு பிரேக்கைப் போட்டு ஓட்டுங்க சார். அதுக்கு எதுக்கு இம்புட்டுப் பேச்சு?” என்றார். அவர் கருத்து முந்நூறு சொற்களுக்குக் குறைவாக இருப்பதாலும், கருத்தரங்கப் பதிவுக் கட்டணம் செலுத்தப்படாததாலும் ஆய்வு முடிவாக ஏற்கப்படவில்லை.