குறைந்த செலவு, நிறைந்த மேடை

ஜொகூரில் தமிழ்ச் செய்தியாளர்களுக்கும் பக்க வடிவமைப்பாளர்களுக்கும் ஒருநாள் பயிற்சிப் பட்டறை நடத்தலாம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. கையில் காசில்லை. கவலையே வேண்டாம். காசில்லாமல் நிகழ்ச்சி நடத்துவதில் நம் சங்கங்களுக்கு இருக்கும் அனுபவம் வேறு யாருக்கும் கிடையாது. இங்கே சொல்வதை அப்படியே கடைப்பிடித்தால் பயிற்சி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் குறையில்லாமல் நடந்தேறும்.

முதல் வேலை குழு அமைப்பது. பயிற்சிக்கு 40 பேர் வருவார்கள் என்றால் ஏற்பாட்டுக் குழுவில் 20 பேராவது வேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் போக ஆலோசகர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆலோசகருக்குச் செலவு கிடையாது, மேடையில் ஒரு நாற்காலி போதும். உடனே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குங்கள். முதல் வாரம் முழுக்கக் காலை வணக்கமும் பூங்கொத்தும் வரும். இரண்டாவது வாரம் யாராவது ஒருவர் "தேதி எப்போ?" என்று கேட்பார். அவரையே செயலாளராகப் போடுங்கள்.

தேதி விஷயத்தில் ஜொகூர்க்காரர்களுக்கு முன்பு ஒரு வசதி இருந்தது. 2014 தொடக்கத்திலிருந்து 2024 முடிய இங்கே அரசாங்க அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். கோலாலம்பூரிலோ சனியும் ஞாயிறும். தலைநகரிலிருந்து பயிற்றுநரைக் கூப்பிட்டால் "ஞாயித்துக்கெழம வந்துடுறேன்" என்பார், அன்று நமக்கு வேலை. வெள்ளிக்கிழமை வைக்கலாம் என்றால் அவருக்கு வேலை. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தது சனி ஒன்றுதான். சனிக்கிழமையோ பத்திரிகைக்காரர்கள் ஞாயிறு பதிப்பை முடிக்கத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் நாள். இப்படிப் பதினோரு ஆண்டுகள் எத்தனையோ பட்டறைகளை மனசாட்சி உறுத்தாமல் தள்ளிப்போட்டோம். 2025 ஜனவரி முதல் தேதி ஜொகூரும் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. பெரிய இழப்பு.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக்குக் கல்யாணம், கும்பாபிஷேகம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம், பதினாறாம் நாள் காரியம் என்று போட்டிக்குக் குறைவில்லை. சிங்கப்பூரில் திங்கட்கிழமையும் சேர்ந்து விடுமுறை வரும் வாரமாகப் பார்த்து வைத்தால் கூடுதல் சிறப்பு. ஜொகூர் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். அந்தச் சொச்சத்தைக் கடந்து சிங்கப்பூர்ப் பயிற்றுநர் வந்து சேரும்போது நீங்கள் நன்றியுரையில் இருப்பீர்கள். அவருக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடலாம். அவர் கொண்டுவந்த பென்டிரைவைத் திறக்க வேண்டிய வேலையும் மிச்சம்.

இடத்துக்காக ஹோட்டல் பக்கம் போகாதீர்கள். அங்கே தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள், ஆலோசகர்களும் தலைக் கணக்கில் வந்துவிடுவார்கள். தமிழ்ப்பள்ளி மண்டபத்தைக் கேளுங்கள், முறையாகக் கடிதம் கொடுத்தால் சும்மாவே கிடைக்கும். சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் அன்று காலையில்தான் விசாரிக்க வேண்டும். மண்டபத்தில் மின்விசிறி எட்டு இருக்கும், பிளக் பாயிண்ட் இரண்டு இருக்கும், இரண்டும் மேடைமேல். ஒலிபெருக்கி, புரொஜெக்டர், தண்ணீர் கொதிக்க வைக்கும் பானை, 20 மடிக்கணினி எல்லாவற்றையும் ஒரே நீட்டு வயரில் சொருகினால் கட்டடம் முழுக்க மின்சாரம் போகும். சுவிட்சைத் தூக்கிவிடக் காவலுக்கு இருக்கும் ஜாகா வர வேண்டும். ஜாகா பசியாறப் போயிருப்பார். வெளியூர்க்காரர்கள் சிலர் சுவரெல்லாம் கண்ணாடித் துண்டு பதித்த ராஜகாளியம்மன் கோயிலைப் பார்க்க ஆசைப்படுவார்கள். தாராளமாக அனுப்பிவையுங்கள். பிற்பகல் பயிற்றுநர் வராவிட்டாலும் யாருக்கும் தெரியாது.

இனி வரவு செலவு. ஆளுக்கு 20 வெள்ளி கட்டணம், 40 பேருக்கு 800 வெள்ளி. இதில் பதாகை, மாலை, பொன்னாடை, நினைவுச் சின்னம் போக மிச்சம் பயிற்றுநருக்கு. மிச்சம் இராது. அவர் கோலாலம்பூரிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் காடி ஓட்டி, டோல் கட்டி, எண்ணெய் போட்டு வந்தவர். போகும்போது லேசாக இழுப்பார். "சமுதாயத்துக்குச் செய்றீங்க, ஐயா" என்று இரண்டு கையையும் பிடித்துக்கொள்ளுங்கள். கை உங்களிடம் இருக்கும்வரை அவரால் ரசீதை நீட்ட முடியாது. (சாப்பாட்டுக்கு 500, பயணத்துக்கு 300 என்று பிரித்தாலே ஒரு பட்டறையை நடத்திவிடலாம்தான். ஆனால் மேடை வெறிச்சென்று இருக்கும்.) சிறப்பு விருந்தினர் நன்கொடை அறிவித்தால் மாதிரி காசோலை ஒன்று தேவைப்படும், ஆள் உயரத்துக்கு. அதை அச்சடிக்கும் செலவு நம்முடையது. பணம் பிறகு வரும்.

பட்டறைக்கு உயிர் பதாகையில் இருக்கிறது. அதைப் பயிற்சிக்கு வரப்போகும் வடிவமைப்பாளர் ஒருவரிடமே இலவசமாகச் செய்து தரச் சொல்லுங்கள், முந்தின இரவு பத்து மணிக்கு. வாசகம் வாட்ஸ்அப்பில் யூனிகோடு எழுத்தில் போகும், அவர் எடுத்துத் தன் பழைய ஃபோட்டோஷாப்பில் ஒட்டுவார். ஒட்டிய மாத்திரத்தில் 'ஜொகூர்' உடையும். ஜகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும், கூவன்னாவின் வால் ககரத்தோடு ஒட்டாமல் தனியே தொங்கும். டத்தோஸ்ரீயின் ஸ்ரீ இரண்டாகப் பிளந்து, ஸ் ஒரு பக்கம் ரீ ஒரு பக்கம். அச்சகத்து சீனருக்குத் தமிழ் தெரியாது. இதுதான் உங்கள் எழுத்து போலிருக்கிறது என்று பன்னிரண்டு அடி நீளத்துக்குப் பளபளவென்று அடித்துக் கொடுத்துவிடுவார்.

மருந்து ஒரு நிமிட வேலை. அந்தப் பழைய ஃபோட்டோஷாப்பின் அமைப்புகளில் 'டைப்' பகுதிக்குப் போய் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்டிசைன் என்றால் பாராகிராஃப் பலகத்தின் மெனுவில் 'வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்'. பட்டறையின் முதல் ஐந்து நிமிடத்திலேயே இதைச் சொல்லித் தந்துவிடலாம். தந்துவிட்டால் அடுத்த ஆண்டு பட்டறைக்கு என்ன வைப்பது?

எழுத்துரு விஷயத்தில் பழமையைக் கைவிடாதீர்கள். உலகெங்கும் தமிழர்கள் கணினியில் தட்டச்சு செய்யப் பழகிய முரசு அஞ்சல் இந்த நாட்டில் முத்து நெடுமாறன் உருவாக்கியது, மேக் கணினியோடு வரும் இணைமதி எழுத்துருவும் அவர் வடித்ததுதான் என்றெல்லாம் யாராவது பெருமையாகச் சொன்னால் கைதட்டுங்கள். தட்டிவிட்டு, பல வருடங்களுக்கு முன்னால் யாரோ சிடியில் பதிந்து கொடுத்த பெயர் தெரியாத எழுத்துருவுக்கே திரும்புங்கள். அதன் குறியீடு வேறு, யூனிகோடு வேறு. நிருபர் கைப்பேசியில் செல்லினம் செயலியில் தட்டி அனுப்பியதை மாற்றியில் போட்டு மாற்றும்போது சில எழுத்துகள் உதிரும். உதிர்ந்ததை மெய்ப்பு பார்ப்பவர் பொறுக்கி எடுப்பார், மெய்ப்பு பார்க்க ஆளிருந்தால். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை, மீரா இனிமை எல்லாம் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சுக்கும் பயன்படுத்தலாம். இலவசம் என்பதால் நம் ஆட்கள் மதிப்பதில்லை. திருட்டுப் பிரதிக்கு இருக்கும் மரியாதை தனி.

தொடக்க விழா ஒன்பது மணிக்கு என்று அழைப்பிதழில் போடுங்கள். சிறப்பு விருந்தினர் பத்தேகாலுக்கு வருவார். கடவுள் வாழ்த்து, தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை. எல்லாரும் 1924இல் தொடங்குவார்கள். அந்த ஆண்டுதான் கடற்பாலத்துக்குத் திறப்பு விழா நடந்தது. அதே ஆண்டு கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் 'தமிழ் நேச'னைத் தொடங்கினார். அங்கிருந்து 1935க்கு வந்து சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முர'சைத் தொட்டு, 2019 ஜனவரிக் கடைசியோடு நேசன் நின்றதைச் சொல்லித் தொண்டை அடைப்பார்கள். பிறகு சிறப்பு விருந்தினர் எழுந்து, "உங்களில் எத்தனை பேர் தினமும் தமிழ்ப் பத்திரிகை வாங்குகிறீர்கள்?" என்று கேட்பார், அந்தப் பத்திரிகைகளைத் தயாரித்து வயிறு கழுவும் 40 பேரைப் பார்த்து. கை தூக்கியவர்களை எண்ணிப் பார்த்து வருத்தப்படுவார். பதினொன்றரைக்கு அவர் கிளம்பும்போது ஏற்பாட்டுக் குழு 20 பேரும் காடி வரைக்கும் கூடவே போக வேண்டும். மண்டபம் பாதி காலியாவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். காற்று நன்றாக வரும்.

மீதி இருப்பது முக்கால் மணி நேரம். நிகழ்ச்சி நிரலில் ஊடகச் சட்டம் என்று ஒரு மணி நேரம் போட்டிருப்பீர்கள். 1984ஆம் ஆண்டின் அச்சக, வெளியீட்டுச் சட்டம் என்ன சொல்கிறது, ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கும் கட்டாயம் 2012இல் நீங்கிய பிறகும் உள்துறை அமைச்சின் கையில் என்ன மிச்சமிருக்கிறது, 2025இல் வந்த ஊடக மன்றச் சட்டத்தால் ஒரு மாவட்ட நிருபருக்கு என்ன லாபம்? வழக்கறிஞர் நண்பர் ராத்திரி கண்விழித்துத் தயாரித்திருப்பார். "நேரமின்மை காரணமாக" என்று தொடங்கி இரண்டு நிமிடத்தில் முடிக்கச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார், வழக்கறிஞர்களுக்குத் தள்ளிவைப்பு பழக்கம்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. செய்தியாளர்களையும் வடிவமைப்பாளர்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்காதீர்கள். நாற்காலி பற்றாக்குறையால் அப்படி உட்கார்ந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். சிகாமட்டிலிருந்து வந்த நிருபர், ஐம்பது வயதுக்காரர். பக்கத்தில் மாசாய்ப் பெண், பக்கம் கட்டுகிறவள். அவர் எழுதிய செய்தியையே பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். தலைப்பு: 'தோட்ட மக்களின் நீண்டகால வீட்டுப் பிரச்சினைக்கு விரைவில் தீர்வு காணப்படும் என நம்பிக்கை'. இரண்டு பத்தி இடத்தில் அடங்க அவள் எழுத்தின் அகலத்தைப் பாதியாக்கியிருந்தாள்.

"என்னா தங்கச்சி, எழுத்த இப்படி நசுக்கிட்ட?"

"நீங்க நீட்டுனா நான் நசுக்கித்தானே ஆவணும், அண்ணே?"

"சரி, எத எடுக்கணும் சொல்லு."

"இந்த 'விரைவில்'. எப்போன்னு இருக்கா?"

"கூட்டத்துல சொன்னாரு."

"யாரு?"

"வந்தவருதான்."

"போன தீபாவளிக்கு முன்னாடி நீங்க அனுப்புன செய்திக்கும் நாந்தான் பக்கம் கட்டுனேன். அதுலயும் விரைவில்தான் இருந்துச்சு, அண்ணே."

அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். கைப்பேசியை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனார், தோட்டத்தில் யாரிடமோ பேசினார். திரும்பி வந்து முதல் பத்தியை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டினார். எந்த நிலத்தில் வீடு என்பதே இன்னும் முடிவாகவில்லை என்று தொடங்கியது. தலைப்பு 'வீடு எப்போது? தோட்ட மக்கள் கேள்வி' என்று ஆனது. எழுத்து முழு அகலத்தில் உட்கார்ந்தது, வரிக்கு மேலும் கீழும் இடம் விட்டு. அக்கம்பக்கத்து மேசைகளிலும் இதைப் பார்த்துச் சத்தம் கூடத் தொடங்கியது.

நல்லவேளையாக அறிவிப்பாளர் கவனித்துவிட்டார். குழுப் படத்துக்கு எல்லாரும் மேடைக்கு வரவும் என்று ஒலிபெருக்கியில் மூன்று முறை கூப்பிட்டதும் நிலைமை கட்டுக்குள் வந்தது.

சாப்பாட்டில் மட்டும் சிக்கனம் வேண்டாம், அதைத்தான் பத்து வருடம் ஞாபகம் வைத்திருப்பார்கள். புரட்டாசி மாதம் என்றால் முக்கால்வாசிப் பேர் சைவம் என்பதை நினைவில் வையுங்கள். தமிழ் முஸ்லிம் நண்பர்களும் வருவார்கள், ஹலால் கடையில் சொல்லுங்கள். வாழை இலை, ரசம், அப்பளம், பிறகு தே தாரிக். அதற்குப் பிறகு எந்தப் பயிற்றுநரும் எதையும் சொல்லித் தர முயன்றதில்லை.

சான்றிதழில் பெயர்ப் பிழை இருந்தால் வருத்தப்படாதீர்கள், பெறுகிறவர் திருத்தித் தருவார், அதுவும் ஒரு பயிற்சி.

கடைசியாக, பத்திரிகைச் செய்தி. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் செய்தி எழுதுகிறவர்கள் என்பதால் ஒருவரும் எழுத மாட்டார்கள், மற்றவர் எழுதுவார் என்று இருந்துவிடுவார்கள். ஆகவே அறிக்கையை முந்தின வாரமே தயார் செய்துவிடுங்கள். பங்கேற்பாளர்கள் பெரிதும் பயனடைந்தனர், இதுபோன்ற பட்டறைகள் அடிக்கடி நடத்தப்பட வேண்டும் எனக் கேட்டுக்கொண்டனர். கடற்பாலத்தில் மாட்டிக்கொண்ட பயிற்றுநர் புலனாய்வு இதழியல் குறித்து இரண்டு மணி நேரம் சிறப்புரை ஆற்றியதாகவும் சேர்த்துக்கொள்ளலாம். வந்த அறிக்கையை அப்படியே போடக் கூடாது என்பது நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது தலைப்புதான், ஆனால் அதற்கு நேரம் இருக்கவில்லையே. பிற்பகல் மூன்று மணிக்குள் படத்தோடு எல்லாருக்கும் அனுப்பிவிட்டால் மறுநாள் ஒரு சொல் மாறாமல் வந்துவிடும்.

சாயங்காலம் ஆறு மணி வாக்கில் சிகாமட் அண்ணன் மட்டும் போன் போடுவார். சிங்கப்பூர்க்காரர் எத்தனை மணிக்குப் பேசினார் என்று கேட்கத்தான். எடுக்காதீர்கள்.