செத்தும் திரும்பும் பகைவர்: துரியோதனன் முதல் பௌசர் வரை ஓர் ஒப்பாய்வு

வேலூருக்கும் ஆரணிக்கும் நடுவே, ஜவ்வாது மலையை மேற்கில் வைத்துக்கொண்டு, கண்ணமங்கலம் இருக்கிறது. வீடியோ கேம் வரலாற்றை எழுதியவர்கள் ஒருவரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஆய்வுலகத்தின் இந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் ஒரே நோக்கம்.

முதலில் கருதுகோள். ஆட்டத்துக்கு ஆட்டம் அடிபட்டு, அடுத்த ஆட்டத்தில் கூசாமல் வந்து நிற்கும் பகைவனை ஜப்பானியர் கண்டுபிடிக்கவில்லை. கண்ணமங்கலம், ஆரணி, போளூர் வட்டாரத்துத் திரௌபதியம்மன் கோயில் திடல்களில் அவன் நெடுங்காலமாக மல்லாந்து படுத்துக் கிடக்கிறான். ஊரார் அவனைத் துரியோதனன் என்பார்கள்.

தரவுக்கு வருவோம். அக்னி வசந்த விழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு எல்லாம் முடிந்து, விழாவின் கடைசியில் ஒரு காலை படுகளம். தரையில் பிரம்மாண்டமான களிமண் உருவம்: முறுக்கு மீசை, விழித்த கண், தலையில் கிரீடம். கூத்தாடி விடிந்த பீமனும் துரியோதனனும் வேஷம் கலையாமல் அதைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள். எங்கே அடித்தாலும் சாகாதவன், தொடையில் அடித்தால் சாகிறான். தொடைக்குள் ஒளித்து வைத்த பானை உடைந்து சிவப்பு நீர் பீறிடுகிறது. திரௌபதி கூந்தலை முடிகிறாள். மாலையில் தீமிதி. ஆட்டம் பழகியவர்கள் கவனிக்க: திரையை அடைக்கும் உருவம், ஒரே ஒரு பலவீனமான இடம், அடித்ததும் நிறம் மாறுதல், பிறகு வெற்றிக் காட்சி. கடைசிக் கட்ட வில்லனின் இலக்கணத்தில் இதற்கு மேல் என்ன பாக்கி?

இனி ஜப்பான். 1978இல் வந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ பகைவர்களுக்குப் பெயரும் இல்லை, குணமும் இல்லை. அவர்கள் குறையக் குறைய வேகம் கூடியதுகூட யாரும் திட்டமிட்டதல்ல. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் அந்தக் காலத்துச் சில்லுக்கு மூச்சு வந்தது, அவ்வளவே. 1980இல் ‘பேக்-மேன்’ பேய்களுக்குக் குணம் வந்தது. சிவப்புப் பேய் நேராகத் துரத்தும். இளஞ்சிவப்பு, நாம் போகப்போகும் இடத்தைக் குறிவைக்கும். ஆரஞ்சு நிறத்தது கிட்டே வந்ததும் தன் மூலைக்கே திரும்பிவிடும். கௌரவர் நூற்றுவரில் பாதிப் பேருக்கு இவ்வளவு குணபேதம் கிடையாது என்பதை, ஆய்வு நேர்மை கருதி, ஒப்புக்கொள்ள வேண்டும்.

1985இல் ‘சூப்பர் மரியோ’ ஆட்டத்தின் வில்லன் பௌசர். தொண்ணூறுகளில் டிவியில் செருகிய பெட்டியும் ஊதிப் போட்ட கேசட்டுமாக ‘சூப்பர் மரியோ’ தமிழ்நாட்டுக்கு வந்தபோது பெயர் தெரியாத பிள்ளைகளுக்கு அவர் வெறும் ‘டிராகன்’. எட்டு உலகம், எட்டுக் கோட்டை, ஒவ்வொன்றின் முடிவிலும் பாலத்தின் மேல் அவர். கோடரியைத் தொட்டால் பாலம் அறுந்து நெருப்புக் குழம்பில் விழுவார். பலரும் அறியாத செய்தி, முதல் ஏழும் போலி! தீயுருண்டையால் அடித்தே கொன்றால் வேஷம் கலைந்து, முதல் கோட்டையில் கூம்பா என்ற சாதாரண அடியாள் ஒன்று கீழே விழும். அந்தக் கூம்பாவுக்கும் நடை ஒரே படம்தான். அதையே இடவலமாகப் புரட்டிப் புரட்டி நடக்கவைத்தார்கள். மொத்த ஆட்டமும் 40 கிலோபைட்டில் அடங்க வேண்டியிருந்தது. ஆளில்லாத குறைக்கு ஒருவரே இரண்டு மூன்று வேஷம் கட்டும் கூத்து ஜமாவுக்கு இந்தச் சிக்கனத்தை விளக்க வேண்டியதில்லை.

வேஷம் என்றதும் நினைவுக்கு வரும் வில்லன் டாக்டர் வைலி. 1987இல் தொடங்கிய ‘மெகா மேன்’ வரிசையில், நான்காம் ஆட்டத்தில் கோசாக் என்று ஒரு புது வில்லன், ஆறாவதில் மிஸ்டர் எக்ஸ் என்று இன்னொருவர். இரண்டு இடத்திலும் பின்னால் இருந்தது வைலிதான். மாட்டிக்கொண்டால் மண்டியிட்டுக் கெஞ்சுவார். மறு ஆட்டத்தில் புதுக் கோட்டை கட்டியிருப்பார். தமிழருக்கு இது அதிர்ச்சி தராது. 1965 என்ற ஒரே ஆண்டில் எம்.என். நம்பியார் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் சவுக்கெடுத்த அக்காள் கணவனாகவும் ‘ஆயிரத்தில் ஒருவ’னில் கடற்கொள்ளைத் தலைவனாகவும் எம்.ஜி.ஆரிடம் தோற்றார். அதற்காக அடுத்த படத்துக்கு அவரைக் கூப்பிடாமல் விட்டார்களா?

மறுப்பாளர் ஒரு கேள்வி எழுப்பலாம்: பௌசர் சாவதே இல்லையே, துரியோதனன் உண்மையிலேயே சாகிறானே? பாதி சரி. 2006இல் வந்த ‘நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ஸில் நெருப்புக் குழம்பில் விழும் பௌசர் சதை கழன்று வெறும் எலும்புக்கூடாகத் திரும்புகிறார். முடிவில் அவருக்குப் பழைய உடம்பும் கிடைத்துவிடுகிறது. மறு ஆண்டு புதுக் களிமண் பூசி எழுப்பப்படும் துரியோதனனுக்கும் இவருக்கும் வேறுபாடு மூலப்பொருளில் மட்டுமே.

இந்த ஆய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு வேறு. திரும்பத் திரும்ப வரும் பகைவனிடம் ஆடுபவருக்கும் பார்ப்பவருக்கும் ஒட்டுதல் வந்துவிடுகிறது. நாயகன் மாறுவதில்லை, மரியோ அன்றும் இன்றும் குதிக்கிறார், பீமன் அன்றும் இன்றும் கதை சுற்றுகிறான். பகைவனுக்குத்தான் வளர்ச்சி. 1992இல் பௌசர் மரியோவோடு கார் பந்தயம் ஓட்டினார். 1996இல் ‘சூப்பர் மரியோ ஆர்பிஜி’யில் மரியோவின் அணியிலேயே சேர்ந்துகொண்டார். படுகளத்திலோ, தொடை உடைந்த கையோடு காந்தாரியின் ஒப்பாரி தொடங்கும். சற்று முன்வரை அவன் சாவுக்குக் காத்திருந்த கூட்டம் முந்தானையால் கண் துடைக்கும். சில ஊர்களில் அந்த மண்ணையே ஒரு பிடி வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

கேரளத்தில் இந்த ஒட்டுதல் முற்றிவிட்டது. கொல்லம் மாவட்டத்துப் பொருவழி மலநடையில் துரியோதனனே தெய்வம். கள் படைக்கிறார்கள், கோயில் நிலத்துக்கான வரியும் அவர் பெயரிலேயே கட்டப்பட்டு வந்திருக்கிறது. பௌசரிடம் எட்டுக் கோட்டை இருந்தும், இக்கட்டுரை அச்சுக்குப் போகும் வரை, ஒன்றுக்கும் பட்டா இல்லை.