பராமரிப்பே வேண்டாத தோட்டம்

இந்த வாரமும் போனில் ஒரு தோட்டப் படம் வந்துவிட்டது. வெள்ளைக் கூழாங்கல் பரப்பிய சின்ன முற்றம், நடுவில் மூன்று கருங்கல், மூலையில் கண்மூடிய புத்தர், அவருக்குத் துணையாக ஒரே ஒரு பாம்புச் செடி. கீழே, 'இடமும் கொஞ்சம், பராமரிப்பும் தேவையில்லை' என்று ஒரு வரி. நாமும் வழக்கப்படி சேமித்து வைத்துக்கொண்டோம். முன்பு சேமித்ததையெல்லாம் எப்படித் திறந்து பார்க்கவில்லையோ அப்படியே இதையும் திறக்கப் போவதில்லை, அது இருக்கட்டும். அந்த ஒரு வரிதான் எனக்கு ஆகவில்லை. தோட்டத்தில் வேலை குறைவது என்று ஒன்று கிடையாது என்பது என் கட்சி. மண்ணைக் கிளறும் வேலையைக் கல்லைக் கழுவும் வேலையாக மாற்றலாம். நம் வேலையை இன்னொருவர் தலையில் கட்டலாம். இன்றைய வேலையை ஐப்பசி மழை வரைக்கும் தள்ளிப் போடலாம். மொத்தக் கணக்கு அப்படியேதான் இருக்கும். இப்படிச் சொல்லிவிட்டு மாற்று யோசனை தராவிட்டால் வெறும் வயிற்றெரிச்சல் என்று ஆகிவிடும் என்பதால், அரை கிரவுண்டு வீட்டுக்கு ஏற்ற ஒரு வடிவமைப்பும் கைவசம் வைத்திருக்கிறேன். கூழாங்கல்லை முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

கூழாங்கல் சித்தாந்தம் எளிமையானது. மண் தெரியாவிட்டால் களை முளைக்காது, களை முளைக்காவிட்டால் குனிய வேண்டாம். முட்டி தேய்ந்த யாருக்கும் இது வேதவாக்காகத்தான் தோன்றும். ஆனால் இதை வகுத்தவர் வேப்பமரம் இல்லாத தேசத்துக்காரராக இருக்க வேண்டும். நம் ஊரில் உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் ஒன்று நிற்கும். மாசி, பங்குனியில் அது இலை உதிர்க்கும். சித்திரையில் பூக் கொட்டும். ஆனி, ஆடியில் பழம், பழம் தின்ன வரும் காக்கை, காக்கையின் கைங்கரியம். மண் தரையாக இருந்தால் ஈர்க்குமாற்றை எடுத்து நாலு வீச்சில் தள்ளிவிடலாம். கூழாங்கல்லில் அதைப் போட்டால் இலை இருந்த இடத்தில் இருக்கும், கல் தெருவுக்குப் போகும். ஆகவே விரலால் பொறுக்க வேண்டும். பொறுக்காமல் விட்டது கல்லுக்கடியில் மக்கி, காற்றில் வரும் புழுதியோடு சேர்ந்து, கொஞ்ச காலத்தில் அருமையான மண்ணாகும். காசு கொடுத்து மூடிய மண் காசில்லாமல் திரும்பி வந்துவிடும். அடியில் களைத்தடுப்புத் துணி விரித்திருக்கிறோமே என்பார்கள். குப்பைமேனியும் கீழாநெல்லியும் மேலிருந்து விதையாக வந்து இறங்குபவை, துணி அவற்றுக்குப் பாய் விரித்த மாதிரிதான். கீழிருந்து வரும் கோரையோ துணியைக் குத்திக்கொண்டே வெளியே எட்டிப் பார்க்கும். 1977இல் உலகின் மிக மோசமான களைகளைப் பட்டியல் போட்டு அறிஞர்கள் ஒரு புத்தகம் எழுதினார்கள். அதில் முதலிடம் இந்தக் கோரைக்குத்தான். மேலே பிடுங்கினால் கிழங்கு கீழே தங்கிவிடும், அதை எடுக்க வேண்டுமானால் முதலில் கல்லை அள்ளி, பிறகு துணியைச் சுருட்டி, அதன்பின் மண்வெட்டி. அதாவது தோட்டத்தையே திரும்ப வெட்ட வேண்டும்.

நிறத்தை விட்டுவிட்டேன். அந்த வெள்ளை, கடையில் இருக்கும்வரைதான் வெள்ளை. போர்த் தண்ணீரில் இரும்பு இருந்தால் துருப்பிடித்த பழுப்பு, உப்பு இருந்தால் சாம்பல் படிவு, நிழல் பட்டால் பச்சைப் பாசி. பழைய நிறம் வேண்டுமென்றால் அன்னக்கூடையில் அள்ளி, குழாயடியில் அலசி, உலர்த்தி, மறுபடி பரப்ப வேண்டும். இந்த இடத்தில் ஒரு ஆட்சேபம் வரும்: ஜப்பானில் பல நூற்றாண்டாக வைத்திருக்கிறார்களே? வைத்திருக்கிறார்கள். கியோட்டோவில் ரியோஆன்ஜி கோயிலில் 248 சதுர மீட்டரில் சரளைப் பரப்பு, 15 பாறை, பாறையடியில் கொஞ்சம் பாசி. எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் ஒரு பாறை கண்ணுக்கு மறையும் என்பதைத்தான் எல்லோரும் தத்துவமாகப் பேசுகிறார்கள். அந்தச் சரளையைக் குருமார்கள் தவறாமல் வாரியால் சீவுகிறார்கள் என்பதை யாரும் பேசுவதில்லை. பாசி தவிரச் செடியே இல்லாத தோட்டத்துக்கு, கோயில் ஆட்கள் அதையே ஒரு தவமாக ஏற்று உழைக்கிறார்கள். நமக்கோ பால் பாக்கெட் எடுக்க வாசலுக்குப் போவதே தவம். பூனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம் என்றிருந்தேன். மண்ணைத் தோண்டி மூடும் பழக்கமுள்ள ஒரு பிராணி, நாலு அங்குல ஆழத்துக்கு யாரோ பொடிக்கல் பரப்பி வைத்திருப்பதைப் பார்த்தால் என்ன நினைக்கும்? தெருப் பூனைகளுக்கு நகரத்தில் யாரும் இவ்வளவு நல்ல வசதி செய்து கொடுத்ததில்லை.

கல் வேண்டாம், செயற்கைப் புல் போட்டுக்கொள்கிறோம் என்பவர்கள் அடுத்த அணி. அந்தப் புல்லுக்குப் பெயர் வாங்கித் தந்தது ஹூஸ்டன் நகரத்துக் கூரையிட்ட பேஸ்பால் மைதானம். 1965இல் திறந்தபோது கண்ணாடி போன்ற கூரை வழியே வந்த வெயிலில் கண் கூசியது, பந்து தெரியவில்லை. கூரைக்குப் பெயின்ட் அடித்தார்கள், வெளிச்சம் போய் நிஜப்புல் செத்தது. 1966இல் பிளாஸ்டிக் புல் விரித்தார்கள். ஆக, சூரியன் எட்டிப் பார்க்காத இடத்தில் புகழடைந்த சரக்கை நாம் கத்திரி வெயிலில் விரிக்கிறோம். வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கால் வைக்க வேண்டுமானால் தண்ணீர் தெளிக்க வேண்டும். பிளாஸ்டிக்குக்குத் தண்ணீர் ஊற்றுகிறவருக்கு நான் என்ன எதிர்வாதம் சொல்ல?

இதற்கெல்லாம் மாறாக, சும்மா விட்டுவிட்டால் இயற்கை தானே பார்த்துக்கொள்ளும் என்று ஃபுகோகாவை இழுப்பவர்களும் உண்டு. ஒன்றும் செய்யாத வேளாண்மையின் ஆசானாக நாம் கும்பிடும் அதே ஃபுகோகா, அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்தைக் கவாத்து செய்யாமல் விட்டுப் பார்த்தார். கிளைகள் பின்னிக்கொண்டு, பூச்சி விழுந்து, மரங்கள் பட்டுப்போயின. கைவிடுவது வேறு, இயற்கை வேளாண்மை வேறு என்று 1975இல் வந்த தன் புத்தகத்தில் அவரே எழுதிவைத்தார். புத்தகத்தைப் பரிசாகக் கொடுப்பவர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுகிறார்கள் போலிருக்கிறது. பாம்புச் செடி காற்றைச் சுத்தப்படுத்தும் என்பதும் இந்த ரகம்தான். 1989இல் நாசா அடைத்த பெட்டிக்குள் செய்த சோதனை அது. 2019இல் மறுபடி கணக்குப் போட்டவர்கள், திறந்திருக்கும் ஜன்னல் செய்வதைச் செடிகள் செய்ய வேண்டுமானால் சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்து தொட்டியாவது வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரர் வெளியே படுக்கலாம்.

எல்லாவற்றையும் சிமென்ட் போட்டு மூடிவிட்டால்? இதுதான் பலமான வாதம், நாட்டில் பெரும்பாலோர் கட்சியும் அதுதான். ஆனால் சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் ஐப்பசி தொடங்கி மூன்று மாதத்துக்குள் கொட்டிவிடும். மழைநீர்ச் சேமிப்பை 2003இல் கட்டாயமாக்கியது சும்மா இல்லை. மூடிய தரையிலிருந்து மழைநீர் தெருவுக்கு ஓடி, தெரு மேடாக இருந்தால் வீட்டுக்குள் வரும். மேலும் சிமென்ட் விரிசலில் ஓர் அரசங்கன்று முளைக்காமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. அதைப் பிடுங்க யாருக்கும் மனசும் வராது.

உண்மையில் எனக்குக் கோபம் கல்லின் மேல் இல்லை. 'பராமரிப்பு குறைவு' என்று சொல்பவர் கையில் விளக்குமாறு இருப்பதில்லை, அதுதான். வாசல் பெருக்கிக் கோலம் போடுவதற்கென்று பேசி வேலைக்கு வந்த அம்மாவிடம், "அப்படியே அந்தக் கல்லையும் கொஞ்சம்..." என்று இழுக்கிறோம். அந்தக் 'கொஞ்சம்' சம்பளத்தில் ஏறுவதில்லை. தொட்டிக்கடியில் இருக்கும் தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதும் அவர்தான். கொட்டாவிட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் டெங்குக் கொசு பறக்கும், நோட்டீஸ் கொடுக்க மாநகராட்சி ஆள் வருவார். அவருக்குப் பதில் சொல்வதும் பெரும்பாலும் அந்த அம்மாதான், ஐயா மாடியில் போனில் அடுத்த தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சரி, வடிவமைப்பு. முதலில் இடத்தை அளக்க வேண்டும். படத்தில் இருக்கும் தோட்டத்தில் சம்ப் மூடி இருக்காது. செப்டிக் டேங்க் மூடி, மோட்டார், ஈபி மீட்டர் பெட்டி, ஏசியின் வெளிப்பகுதி, துணிக்கொடி, இரண்டு ஸ்கூட்டர், இவை எதுவும் இருக்காது. நம் வீட்டில் இவைதான் இருக்கும். இவற்றைக் கழித்தால் காம்பவுண்டுச் சுவரோரம் மூன்றடி அகலத்துக்கு ஒரு துண்டு மிஞ்சும். அங்கே முதலில் ஒரு கறிவேப்பிலை. வேரிலிருந்து கன்று விட்டுக்கொண்டே இருக்கும், வெட்ட வேண்டும், அது தனி வேலை. ஆனால் கவாத்துக்கு ஆள் தேட வேண்டாம். சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து யாராவது கூப்பிடாமலே வந்து, "ஒரு கொத்துதான் எடுத்துக்கிட்டேன் மாமா" என்று நுனிக்கொழுந்தாகப் பார்த்து ஒடித்துக்கொண்டு போவார்கள். காக்கை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் உள்ள கிளையை மட்டும் மறக்காமல் நமக்கு விட்டுவிடுவார்கள்.