மலையேறிய சக்கரவர்த்தி

கேமரன் மலைக்கு ஊரெல்லாம் குளிர் வாங்க வருகிறது. தேயிலைக்கும் குளிர் பிடிக்கும், 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியதே அதை நம்பித்தான். பிடிக்காத ஒரே ஜீவன் தோட்டத்துக் கிராணியான என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது: எம்பரர் ஏஞ்சல் மீன்.

பவளப்பாறைக் கடலில் பிறந்த சக்கரவர்த்திக்குத் தண்ணீர் 25, 26 டிகிரியில் இருக்க வேண்டும். கோலாலம்பூரில் கடல்மீன் வளர்ப்பவர்கள் தொட்டியைக் குளிர வைக்கச் சில்லர் வாங்குகிறார்கள். தானா ராத்தா பக்கம் ராத்திரி 16 டிகிரிக்கு இறங்கும். ஆகவே இங்கே ஹீட்டர். ஒன்று மக்கர் செய்தால் உதவிக்கு இன்னொன்று. மனிதர்களுக்குக் கம்பளி மட்டும். மாமியார் தொட்டிக் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துச் சூடேற்றிக்கொண்டே, "அடுத்த பொறப்புல மீனாப் பொறக்கணும்" என்பார்.

உப்புக் கணக்கு வேறு. லிட்டருக்கு 35 கிராம் என்றால் 400 லிட்டர் தொட்டிக்கு 14 கிலோ. "அதுக்கு ஏன் ஈப்போவுல போயி வாளி வாளியா வாங்குறீங்க மாப்பிள்ளை? நம்ம கடையில கல்லுப்பு இல்லையா?" கடலில் சமையல் உப்பு மட்டுமில்லை, மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் உண்டு என்று விளக்கினேன். "அப்ப மீனுக்குச் சத்து மாத்திரைன்னு சொல்லுங்க."

தண்ணீர் ஆவியாகிக் குறையும்போது உப்பும் சேர்க்க வேண்டுமா என்று நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மாமியார் அடுப்படியிலிருந்தே தீர்ப்புச் சொன்னார்: "கொழம்பு வத்துனா தண்ணிதானே ஊத்துவோம்? உப்பு எங்கயும் போகாது." புத்தகமும் அதையேதான் சொன்னது, நாலு பக்கத்தில்.

பெரிய வம்பு நிறத்தால் வந்தது. குட்டியில் இந்த மீனுக்குக் கருநீல உடம்பு, அதில் வெள்ளை வளையங்கள். வளர வளர வளையம் கலைந்து மஞ்சளும் நீலமுமாய்க் கோடு ஓடும், கண்ணுக்குக் கறுப்பு முகமூடி ஏறும். தன் இனத்தில் வளர்ந்தவை குட்டியைப் போட்டியாளன் என்று விரட்டாமலிருக்கத்தான் இந்த இளவயது வேஷம் என்கிறார்கள். இது மாதக்கணக்கில் நடக்கும். நடுவில் வளையமும் இல்லை, கோடும் இல்லை, அழித்து எழுதிய சிலேட்டுப் பலகை. தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்கள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "பழசு எப்ப தவறுச்சு?" என்று கேட்டார்கள். மறுநாள் காலை தொழிலாளர்கள் கூடும் பெரட்டில், கிராணி வீட்டில் ரகசியமாக மீன் மாற்றிவிட்டார்கள் என்ற சேதி உலாவியது.

முழு வளர்ச்சியில் சக்கரவர்த்தி 40 சென்டிமீட்டர் வரை நீளுவார். 800 லிட்டருக்குக் குறைந்த அரண்மனை ஆகாது. அதற்கு இடம் வேண்டும் என்றால் சோபா போயாக வேண்டும். மனைவியிடம் மெல்லப் பேச்செடுத்தேன். "வர்றவங்க எங்க உக்காருவாங்க?" என்று அவள் முறைத்தாள்.

மாமியார் குறுக்கே வந்தார். "வர்றவங்க யாரு உக்காந்தா? எல்லாரும் தொட்டிக்கு முன்னாலதானே நிக்கிறாங்க. சோபாவ வித்துடுங்க மாப்பிள்ளை."