ஆமையும் அமீனாவும்

ஏலே பேராண்டி, தேரிக்காட்டு ரோட்டுல லாரிக்குத் தப்புன ஆமையத் தூக்கியாந்து தொட்டித் தண்ணியில விட்டியாமே. நல்ல மனசுலே உனக்கு. லாரி விட்ட கொறைய உன் தொட்டி முடிச்சு வச்சிருக்கும்.

மொதல்ல காலப் பாக்கணும்லே. யானைக் கால் கணக்கா உருண்டு, செதிலும் மொண்ண நகமுமா இருந்தா அது தரையில நடக்குற சாதி, தண்ணியில போட்டா முங்கிச் சாகும். வெரலுக்கு நடுவுல சவ்வு இருந்தாத்தான் தண்ணிக்காரன். இது மேடு மேடா கருத்த ஓடு; ஒவ்வொரு மேட்டு உச்சியிலயும் மஞ்சப் பொட்டு, அதுலருந்து சுத்திலும் மஞ்சக் கோடு. நட்சத்திர ஆமை, சந்தேகமே இல்ல. டவுன்ல கண்ணாடித் தொட்டியில விக்குதானே, கண்ணுக்குப் பின்னால செவப்புக் கோடு போட்ட பச்சக் குட்டி, அது அமெரிக்காக்காரன். அதத் தெப்பக்குளத்துல விட்டுப் புண்ணியம் தேடிராத. நம்மூர் ஆமைக்குள்ள தீனியும் எடமும் அதுக்குப் போயிரும்.

ராஜான்னு பேரு வச்சிருக்கியாமே, அடிவயித்தப் பாத்தியா? அடி ஓடு குழிஞ்சு, வால் நீளமா இருந்தா ஆம்பள. இதுக்கு அடி தட்ட, வால் குட்ட. ராணின்னு மாத்திக்கோ, ரேஷன் கார்டுல இன்னும் சேக்கலேல்லா? ஓட்டு வளையத்த எண்ணி வயசும் சொல்லிட்டு அலையுதியாம். தீனி கெடைக்கதுக்கும் கெடைக்காததுக்கும் ஏத்த மாதிரி விழுற வளையம்லே அது. சில வருசம் ஒண்ணுக்கு மேலயும் விழும்.

உங்க ஆச்சி பாசத்துல பாலுஞ்சோறும் வச்சாளாம். எனக்கே அவ அப்படி வச்சதில்ல. ஆமைக்குப் பால் செரிக்காது. புல்லு, பூவு, சப்பாத்திக்கள்ளி திங்கிற வயிறு அது. ஓட்டுல ஓட்ட போட்டுக் கயிறு கட்டலாமான்னு உன் தம்பி கேக்கான். முதுகெலும்பும் விலா எலும்பும் சேந்துதாம்லே ஓடு, ரத்தமும் நரம்பும் ஓடுது. அவன் நகத்துல மொதல்ல தொள போட்டுப் பாக்கச் சொல்லு.

வீட்டுல வச்சா அதிர்ஷ்டம்னு எவனோ சொன்னானாமே. 1972-ல வந்த வனவிலங்குச் சட்டத்த 2022-ல திருத்துனப்ப, இந்த ஆமைய முதல் அட்டவணைக்கு ஏத்திட்டாவ. புலி இருக்குற அட்டவணைலே. வச்சிருந்து மாட்டுனா 3 வருசத்துலருந்து 7 வருசம் வரைக்கும் உள்ள. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்னு பெரியவுக தனித்தனியாத்தான் சொன்னாவ. உன் வீட்டுக்கு ரெண்டு பேரும் ஒண்ணா வருவாவ.

வனத்துறைக்குப் போனப் போடு. அவுக வர்ற வரைக்கும் காத்து போற அட்டப்பெட்டியில வை. அடியில காஞ்ச புல்லு, தட்டையான தட்டுல கொஞ்சூண்டு தண்ணி, அவ்வளவுதான் விருந்தோம்பல். வர்றவன் போறவனுக்கெல்லாம் தூக்கித் தூக்கிக் காட்டாத. பயந்தா, வெயிலுக்குன்னு சேத்து வச்சிருக்க தண்ணியெல்லாம் பீச்சிரும். உன் வெள்ளச் சட்டையக் கேட்டாலே சொல்லுமே.

எங்க எடுத்தன்னு அதிகாரி கட்டாயம் கேப்பாரு, திரும்ப விடுறதுக்கு எடம் தெரியணும்லா. அந்த எடத்தப் போட்டோ புடிச்சியாலே, இல்ல அதுலயும் உன் மூஞ்சிதானா?